காக்கிச் சட்டையும் வெள்ளை ஜிப்பாவும்

என் கணவர் சிங்கப்பூரில் டெலிவிஷன் நாடகத்தில் நடித்தவர் என்பது, அவர் உயரமா குட்டையா என்று தெரிவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பெண் கேட்டு வந்த மாமி அதைத்தான் முதலில் சொன்னார். எழுபதுகளின் தொடக்கம் அது. பாலக்காட்டில் எங்கள் தெருவில் ரேடியோ இருந்த வீடுகளே குறைவு. டெலிவிஷன் என்றால் என்ன என்று என் அம்மா கேட்டதற்கு, "ரேடியோதான். ஆனா உள்ள பேசறவங்க மூஞ்சி தெரியும்" என்றார் மாமி. அம்மா சற்று யோசித்துவிட்டு, "அப்ப நம்ம மூஞ்சி அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்று உறுதியான பிறகுதான் மேற்கொண்டு பேச்சு நடந்தது.

கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, அவரிடம் கேட்டேன்.

"என்ன வேஷம் போட்டீங்க?"

"காவக்காரன்."

"கதை என்ன?"

"தெரியாது."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். விளையாடவில்லை. அவர் அங்கே ஒரு மளிகைக்கடையில் வேலை பார்த்தார். கடைக்கு வருகிற ஒருவர் தமிழ் நாடகங்களில் நடிப்பவர். இவருடைய ஆறடி உயரத்தையும் கனத்த குரலையும் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டுடியோவுக்கு வரச் சொல்லிக் கூட்டிப் போயிருக்கிறார். இவர் பேச வேண்டியது மட்டும் எழுதிய தாளைக் கொடுப்பார்களாம். முழுக்கதையும் கையில் வைத்திருந்தது டைரக்டரும் பெரிய நடிகர்களும்தான். நாடகம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒளிபரப்பாகும். கடையில் கூட்டம் நெரிகிற நேரம் அது. தான் நடித்ததை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"காவக்காரன் எதைக் காவல் காத்தான்?"

"ஒரு வாசல். சுவத்துல பெரிய விளக்கு எரியும். பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பேன். யாராவது உள்ள போனா, 'போறவங்க பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடணும்'னு சொல்லணும். அவ்வளவுதான்."

"உள்ள என்ன இருந்துச்சு?"

"பலகையும் கயிறும். செட்டுக்குப் பின்னாடி வேற என்ன இருக்கும்?"

இன்னொரு நாள் தானாகவே சொன்னார், அந்த நாடகத்தில் அவருக்கு இரண்டு வேஷம் என்று. ஒரு நாள் காக்கிச் சட்டை போட்டுக் காவல்காரர். இன்னொரு நாள் வெள்ளை ஜிப்பா போட்டுக் காப்பிக்கடை முதலாளி. தலையைக்கூட வேறு மாதிரி வாரிவிட்டார்களாம். ஆள் போதாததால் தனக்கே இரண்டையும் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு வாசல், அதற்கு ஒரு காவல், உள்ளே போகிறவர்கள் பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும். எங்கே போனார்கள்? திரும்பாவிட்டால் என்ன ஆகும்? அரிசி களையும்போதும் துணி பிழியும்போதும் இதே யோசனை. புதையல் என்று ஒரு நாள் தோன்றும், ஆஸ்பத்திரி என்று மறுநாள் தோன்றும். சாப்பிட உட்கார்ந்தவரிடம், "அந்த வாசல்ல போனவங்க கையில என்ன கொண்டு போனாங்க?" என்று கேட்பேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே ஞாபகப்படுத்திப் பார்த்து, "ஒரு டீச்சரம்மா குடை கொண்டு போச்சு" என்பார். எனக்கு அன்றைக்கு அது போதும்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பர்மிட் முடிந்து ஊர் திரும்பிய பிறகு அவர் பாலக்காட்டு அங்காடியில் சொந்தமாக மளிகைக்கடை வைத்திருந்தார். சிங்கப்பூரைப் பற்றி அதிகம் பேசமாட்டார். நான் கேட்டால் மட்டும் பதில் வரும்.

கல்யாணமாகி மூன்றாவது வருஷம் என்று நினைக்கிறேன், போடிநாயக்கனூரில் வாழ்க்கைப்பட்டிருந்த என் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனோம். போனதோடு மலைக்கு ஏறிக் கொஞ்சம் ஏலக்காயும் வாங்கிவிடலாம் என்று இவருக்கு எண்ணம். நானும் வருகிறேன் என்றேன். "அங்க என்ன இருக்கு பாக்க? குளிரும் அட்டையும்தான்" என்றார். அட்டையையும் பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

போடிமெட்டில் பஸ் நின்றது. மஞ்சு இறங்கியிருந்தது. சாலையின் மறுபக்கம் நிற்கிற லாரிகூடக் கலங்கித் தெரிந்தது. செக்போஸ்ட்டில் வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இறங்கி ஒரு கடையில் சாயா குடித்தோம். அங்கே ஒரு ஜீப் நின்றிருந்தது. அதன் பக்கத்தில், தலையில் முக்காடிட்ட ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், கையில் கிளாஸை வைத்துக்கொண்டு குடிக்காமல் என் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை. இவரோ மஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் நேராக எங்களிடம் வந்தார்.

"ஏண்ணே, கோவிச்சுக்காதீக. நீங்க சிங்கப்பூர்ல இருந்தீகளா?"

"ஆமாங்க."

"யா அல்லா! நாடகத்துல வந்த காவக்காரரு!" அவர் கையிலிருந்த சாயா பாதி தரையில் சிந்தியது. ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துக் கத்தினார்: "இங்ஙன வாங்க! யாரு நிக்கிறாருன்னு பாருங்க!"

என் கணவர் யாரோ திட்ட வருவதைப் போல ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

அந்தம்மா உத்தமபாளையத்துக்காரர். புருஷன் சிங்கப்பூரில் தையல்கடை வைத்திருந்தவர். அவரும் தொழிலை முடித்துக்கொண்டு வந்து, இப்போது மலைமேல் ஆனைக்கரையில் ஏலக்காய் வியாபாரம். வெள்ளிக்கிழமை தோறும் குடியிருப்புக்குக் கீழே இருந்த சமூக நிலையத்தில் பாயை விரித்துப்போட்டு அந்த நாடகத்தைப் பார்த்திருக்கிறார்கள். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவரு ஒம் புருசனா? குடுத்து வச்சவதான் நீ. ஆனா ஒண்ணு, நான் இவர்ட்ட ஒரு கேள்வி கேக்கணும். அஞ்சாறு வருசமாக் கேக்காமக் கெடக்கு" என்றார்.

கேள்வியை ரோட்டில் வைத்துக் கேட்க முடியாதாம். ஏலக்காயும் தங்களிடமே வாங்கிக்கொள்ளலாம், ஜீப்பில் ஏறுங்கள் என்றார்கள். ஏறினோம்.

ஆனைக்கரை போய்ச் சேரும்போது மழை பிடித்துக்கொண்டது. வீட்டோடு ஒட்டினாற்போல ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் இருந்தது. அதன் சூடு சுவர் வழியாக வந்து அடுத்த அறையைக் கதகதப்பாக வைத்திருந்தது. அங்கே நாலைந்து பெண்கள் உட்கார்ந்து உலர்ந்த காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குச் சோறும் கறியும் போட்டுவிட்டு அந்தம்மாவும் அங்கேயே வந்து உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்கண்ணே. வெளக்க அணைச்சீகள்ல, தெரிஞ்சுதான அணைச்சீக?"

"எந்த விளக்கு?"

"எந்த வெளக்கா? கடைசி நாள்ல, அந்த டீச்சரு உள்ள இருக்கும்போது அணைச்சீகள்ல!"

"டீச்சரம்மா உள்ள இருந்தாங்களா?" என்றார் என் கணவர்.

அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், அவருக்குக் கதையே தெரியாது என்று. அந்தம்மா நம்ப மறுத்தார். அவருடைய புருஷன் நம்பினார். தன் கடையில் கால்சட்டை தைத்தவர்கள் முழுக் கோட்டு-சூட்டையும் பார்த்ததில்லை என்று சொல்லிச் சிரித்தார். "அப்படின்னா ஆரம்பத்துலேருந்து சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்" என்றார் மனைவியிடம்.

அன்றைக்குத்தான் அந்த வாசலுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

ஒரு காலேஜில் ஒரு புரொபசர். அவர் ஏதோ ஒரு யந்திரத்தை வைத்து ஒரு வாசலைத் திறந்துவிடுகிறார். அந்தப் பக்கமும் இதே ஊர்தான். இதே தெரு, இதே ஆட்கள். ஆனால் ஒவ்வொருவருடைய வாழ்க்கையும் எங்கேயோ ஓரிடத்தில் வேறு பக்கம் திரும்பியிருக்கும். இங்கே நர்ஸாக இருப்பவள் அங்கே பாட்டுக்காரி. இங்கே பணக்காரன், அங்கே படகோட்டி. சுவரில் அந்த விளக்கு எரிகிற வரைக்கும்தான் வாசல் திறந்திருக்கும். அதற்குக் காவல் என் கணவர்.

"அந்த புரொபசரு எப்பப் பாரு கணக்குப் போட்டுக்கிட்டே இருப்பாரு. அவர யாரு பாத்தா? நாங்க பாத்ததெல்லாம் இவுகளத்தான்" என்று அந்தம்மா இவரைக் காட்டினார். "காவக்காரரு, நர்ஸு, டீச்சரு, டீச்சரோட அப்பா லாரி டிரைவரு. இவுக என்ன ஆவாகன்னுதான் எங்களுக்கு நெனப்பு."

டீச்சருடைய அப்பா இந்த ஊரில் விபத்தில் செத்துப் போனவர். அந்த ஊரில் உயிரோடு இருக்கிறார். டீச்சர் அவரைப் பார்க்கப் போகிறாள். ஆனால் அங்கே அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆகவே அவருக்கு மகளும் இல்லை. யாரம்மா நீ என்று கேட்டுவிட்டு லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார். டீச்சர் அதற்காக விட்டுவிடவில்லை. தினமும் வாசலைத் தாண்டிப் போய், அவர் வழக்கமாக வந்து உட்காருகிற காப்பிக்கடையில் அடுத்த மேசையில் உட்கார்ந்துகொள்வாள். எதுவும் பேசமாட்டாள். அவர் காப்பி குடிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

"அந்தக் காப்பிக்கட யாருது?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இவருதுதான். வெள்ள ஜிப்பா போட்டுக்கிட்டு நிப்பாரு."

என் கணவர் கையை நீட்டி ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். பிறகு மெதுவாக, "அப்ப ரெண்டும் ஒரே ஆளா?" என்றார்.

"பின்ன? இந்த ஊர்ல நீங்க ஸ்டூல்ல ஒக்காந்திருக்கீக. அந்த ஊர்ல கட வச்சு நல்லா இருக்கீக. அந்த டீச்சரு எதுக்குத் தெனமும் வருதுன்னு அங்க ஒரே ஒரு ஆளுதான் கேட்டாரு. நீங்கதான்."

காய் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார்கள். அவருடைய முகம் சிவந்துபோனது. எத்தனையோ வருஷமாகத் தெரிந்த ஒரு ஆளைப் பற்றி இப்போதுதான் ஒரு செய்தி கேட்பது போல இருந்தது அவர் உட்கார்ந்திருந்த விதம்.

கடைசி நாள் கதை இது. யந்திரம் பழுதாகிவிட்டது. விளக்கை உடனே அணைக்காவிட்டால் இரண்டு ஊருக்கும் ஆபத்து என்று புரொபசர் டெலிபோனில் கத்துகிறார். காவல்காரர் எழுந்து வாசலுக்குள் எட்டிப் பார்க்கிறார். தூரத்தில் காப்பிக்கடை தெரிகிறது. முதல்முறையாக டீச்சரும் அப்பாவும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் ஏதோ சொல்ல, அவர் சிரிக்கிறார். வெள்ளை ஜிப்பா போட்ட ஆள் அவர்களுக்குக் காப்பி கொண்டு வந்து வைக்கிறார். கூப்பிட்டால் டீச்சருக்குக் கேட்கும் தூரம்தான். காவல்காரர் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் பார்க்கிறார். விளக்கை அணைக்கிறார். நாடகம் முடிந்தது.

"சமூக நெலையத்துல அன்னிக்குச் சண்ட" என்றார் அந்தம்மா. "அவ அப்பாவோட இருக்கட்டும்னு மனசார விட்டுட்டாருன்னு நான் சொன்னேன். எம் பக்கத்து வீட்டுக்காரி, இல்ல, அங்க தான் நல்லா இருக்கறதப் பாத்த பொறாமையில அணைச்சுட்டாருன்னா. எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, பயத்துல அணைச்சாருன்னு. இன்னிய வரைக்கும் தீரல. நீங்க சொல்லுங்கண்ணே. ஒங்க மூஞ்சிதான அது? என்னத்த நெனச்சு அணைச்சீக?"

எல்லோரும் அவரைப் பார்த்தோம். நான்தான் எல்லோரையும்விட ஆவலாகப் பார்த்திருப்பேன்.

"அங்க எனக்குக் கடையும் தெரியல, டீச்சரும் தெரியலீங்க" என்றார். "காமெரா பக்கத்துல ஒரு கம்பில துண்டு போட்டிருந்தாங்க. அதைப் பாருங்க, நான் கை தட்டினதும் சுவிட்சை அணைங்கன்னு டைரக்டர் சொன்னாரு. நான் துண்டைப் பாத்தேன். கை தட்டினாரு. அணைச்சேன்."

"துண்டா?"

"ஆமாங்க. பச்சைத் துண்டு."

"துண்டப் பாத்தா அப்படி அழுக வரும்? கண்ணு ரெண்டும் கலங்கிப் போயிருந்துச்சு!"

"பசியா இருந்திருக்கும்" என்றார் என் கணவர்.

ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. விட்டுவிடுகிற ஆளும் இல்லை அவர். "சரி, இப்பக் கத தெரிஞ்சுபோச்சுல்ல? ஒரு தடவ செஞ்சு காட்டுங்க. நான் கண்டுபிடிச்சிர்றேன்" என்று எழுந்து அறையின் விளக்கைப் போட்டார். மழை இருட்டில் அது தேவையாகவும் இருந்தது.

அவர் கூச்சப்பட்டார். நானும் சொன்ன பிறகு எழுந்து சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றார். திறந்திருந்த கதவு வழியாக ஸ்டோரைப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். ஒரு பெருமூச்சு விட்டார். கையை மெதுவாகத் தூக்கி, நடுங்க விட்டு, விளக்கை அணைத்தார்.

அந்தம்மா விளக்கை மறுபடி போட்டார்.

"இல்ல" என்றார் அந்தம்மா. "இது அது இல்ல. இது நடிப்பு."

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. "தெரிஞ்சு போச்சுங்களே! இனிமே வராதுங்க அது" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். அந்தம்மாவும் கடைசியில் சிரித்துவிட்டார். ஆனால் தன் கேள்வியை அவர் கைவிட்டதாகத் தெரியவில்லை. ராத்திரி தோசை ஊற்றும்போதுகூட, "பொறாமையா இருக்காது. அவ சொல்றது தப்பு" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. ஏலக்காயை எடை போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் தோட்டத்து ஓரமாகச் சும்மா நடந்தோம். எனக்கு அட்டை கடித்தது. அவர் குனிந்து அதை எடுத்துப் போட்டுவிட்டு, நிமிராமலேயே சொன்னார்.

"பசின்னு சொன்னது பொய் இல்ல. பசியும் இருந்துச்சு. அன்னிக்குக் காலைலதான் கடை முதலாளி சொன்னாரு, பர்மிட் இனிமே புதுப்பிக்க முடியாதாம், ஊருக்குத்தான் போகணும்னு. அங்கிருந்து நேரா ஸ்டுடியோவுக்குப் போயிட்டேன். துண்டைப் பாத்துட்டு நின்னேன். அந்தத் தெருவு, கடை, அங்க இருந்த கூட்டாளிங்க, இனி இதெல்லாம் இல்லேன்னு தோணிச்சு. அதுக்குள்ள கை தட்டிட்டாரு."

"இதை ஏன் அவங்ககிட்ட சொல்லல?"

"அவங்க இத்தனை வருஷமா டீச்சரைப் பத்தியில்ல யோசிச்சிட்டிருக்காங்க? என்னைப் பத்திச் சொல்லி அதைக் கெடுக்கணுமா?"

எனக்கு வேறொரு கேள்வியும் வந்தது. அங்கேயே இருந்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறீர்களா என்று. கேட்டும்விட்டேன். கேட்காமல் இருக்க எனக்குத் தெரியாது.

அவர் யோசித்தார். எது கேட்டாலும் யோசித்துத்தான் சொல்வார். "முதல் வருஷம் நினைச்சேன். கடை திறந்த புதுசுல, ஷட்டர் தூக்கும்போதெல்லாம் நினைப்பு வரும். அப்புறம் நீ வந்து தெனமும் கேள்வி கேட்க ஆரம்பிச்சே. என்ன பதில் சொல்லறதுன்னு யோசிக்கவே நேரம் சரியாப் போச்சு."

புறப்படும்போது, காய் பிரிக்கிற பெண்களில் வயதில் மூத்தவர் வாசலுக்கு வந்து நின்றார். முந்தின நாள் முழுக்க வாயே திறக்காதவர். "ஏய்யா, அந்தப் புள்ள அங்க நல்லா இருக்கா? அப்பனுக்குத் தன் மகளுன்னு தெரிஞ்சுச்சா?" என்று கேட்டார்.

என் கணவர் ஜீப்பில் ஒரு காலை வைத்தபடி, "நல்லா இருக்காங்க அம்மா. தெனமும் கடைக்கு வர்றாங்க. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வர்றாங்க" என்றார். அந்த அம்மாளுக்கு நிம்மதியாகப் போயிற்று. தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனார்.

அந்தக் குடும்பத்தோடு எங்களுக்கு ஏற்பட்ட பழக்கம் அதற்குப் பிறகு விடவில்லை. எங்கள் கடைக்கு ஏலக்காய் அவர்களிடமிருந்துதான் வந்தது. அந்தம்மா பாலக்காட்டுக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்குவார். வந்தவுடன் என் கணவரின் முகத்தைக் கூர்ந்து பார்ப்பார், இன்றைக்காவது பதில் தெரிகிறதா என்று. நான் பர்மிட் சமாச்சாரத்தை அவரிடம் சொன்னதில்லை.

ஆனைக்கரையிலிருந்து புறப்பட்ட அன்று, மலையிறங்கிச் சாயங்காலம் போடியில் தங்கை வீட்டுக்கு வந்தோம். தங்கை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய மாமியாரும் பக்கத்தில் இருந்தார். என் கணவர் கைகால் கழுவக்கூட இல்லை. உட்கார்ந்து கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கடையில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிற மனுஷன், புரொபசர் யந்திரம் செய்ததிலிருந்து சொன்னார். நர்ஸ் பாட்டுப் பாடியதைச் சொன்னார். டீச்சர் குடையோடு போனதையும், அப்பா யாரம்மா நீ என்று கேட்டதையும் சொன்னார். தங்கையின் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விளக்கு அணைந்தது, டீச்சர் அங்கேயே இருந்துவிட்டாள் என்று முடித்துவிட்டு, தண்ணீர் கேட்டார்.

தங்கை செம்பை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "எல்லாஞ் சரி மச்சான். இதுல நீங்க எங்க வர்றீங்க?"

அவர் செம்பைக் கையில் வாங்கியபடி திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். காவல்காரரையும் காப்பிக்கடைக்காரரையும் அவர் சொல்லவே இல்லை. மறந்தே போய்விட்டார்.

அவர் தண்ணீர் குடிக்கட்டும் என்று, அந்தப் பகுதியை நான் சொல்ல ஆரம்பித்தேன்.